கடைக் கண்ணாடிக்குள் உறைந்த ஆறு

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். அப்படிப்பட்டவளை இருட்டறைக்குள் கொண்டுவந்து விட்டது கல்யாணம். என் வீட்டுக்காரர் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து குன்னூர் கடைவீதியில் ஸ்டுடியோ வைத்தவர். படம் எடுப்பது அவர் வேலை. கழுவிப் பிரிண்ட் போடுவது என் வேலை.

கல்யாணம், காதுகுத்து, எஸ்டேட் மேனேஜர் மாற்றலாகிப் போகும் விருந்து என்று எல்லாவற்றையும் அவர் நேரில் பார்த்துவிட்டு வருவார். நான் சிவப்பு விளக்கின் கீழே, தட்டில் மிதக்கும் காகிதத்தில் பார்ப்பேன். மணப்பெண் சிரிப்பது தெரியும். எதற்குச் சிரித்தாள் என்பது தெரியாது. அவரிடம் கேட்டால், "யாருக்குத் தெரியும், போகஸ் பாக்கறதுக்கே எனக்கு நேரம் பத்தல" என்பார். அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. பிரிண்ட் காய்கிற நேரத்தில் கடைக்குப் பின்னாலிருக்கும் படிக்கட்டில் ஏறி இறங்குவேன். பக்கத்து மளிகைக் கடைக்காரர், "என்னுங்கம்மா, எதையாவது தொலைச்சுட்டீங்ளா?" என்று கேட்பார்.

எழுபதுகளின் கடைசியில், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், அந்த ரஷ்யப் பெண் கடைக்குள் வந்தாள். என் வயதுதான் இருக்கும். அவளுடைய கணவர் சோவியத் நாட்டுக்காகத் தேயிலை வாங்க வந்த அதிகாரி. ஏல நாட்களில் அவருடைய ஜீப் எங்கள் கடையைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவள் குடையை மடக்கி வெளியே சாய்த்துவிட்டு ஒரு பிலிம் ரோலை மேசைமேல் வைத்தாள். கழுவிப் பார்த்தால் எல்லாம் பூங்காவில் எடுத்த பூப்படங்கள். பிரிண்டுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யார் போட்டது என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் என்னைக் காட்டினார். அவள் பணத்தைக் கொடுத்துவிட்டுக் குடையை விரித்துப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒரு துணிப்பையோடு வந்தாள். உள்ளே உல்லன் காலுறைகள். ஒவ்வொரு காலுறைக்குள்ளும் ஒரு ரோல். அவளுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலமும், சமையல்காரம்மாவிடமிருந்து அவள் பொறுக்கிக்கொண்ட கொஞ்சம் தமிழும்.

"என் ஊர்ப் பக்கத்துக் கிராமங்கள். அங்கே கழுவக் கொடுக்க முடியாது" என்றாள்.

"ஏன்?"

அவள் சுவரிலிருந்த முருகன் காலண்டரைக் காட்டி, "சாமி" என்றாள்.

அங்கே கோயிலுக்குப் போவதையும் சாமி கும்பிடுவதையும் அரசாங்கம் விரும்புவதில்லை, அதைத் தேடிப் போய்ப் படம் எடுப்பது அதிகாரியின் மனைவிக்கு நல்லதில்லை என்று பிறகு மெல்ல மெல்லப் புரிந்தது. அன்று புரிந்ததெல்லாம் அவளுக்கு இந்த ரோல்கள் உயிர் என்பது மட்டுமே. என் வீட்டுக்காரர் கவலைப்பட்டார்.

"கண்ணு, பாத்து. கெட்டுப்போச்சுன்னா நம்மளால திருப்பிக் குடுக்க முடியாது."

"தெரியுமுங்க. நீங்க உள்ள வராம இருந்தாப் போதும்" என்றேன்.

இப்படி நான் அவரை 'ஏனுங்க', 'என்னுங்க' என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் அவர் பெயர் என்று நினைத்துவிட்டாள் அவள். கடைசி வரைக்கும் அவர் அவளுக்கு 'மிஸ்டர் ஏனுங்க'தான். நாங்களும் திருத்தவில்லை.

குன்னூர்க் குளிரில் படம் கழுவும் டெவலப்பர் மருந்து சோம்பிப் போய்விடும். வெந்நீர்த் தொட்டிக்குள் தட்டை வைத்துச் சூடேற்றி, ஒவ்வொரு ரோலாகக் கழுவினேன். அவள் என்னோடு இருட்டறைக்குள்ளேயே நின்றாள். முதல் பிரிண்ட் தட்டில் எழுந்து வந்தபோது நான் பயந்து போனேன். காகிதம் முழுக்க வெள்ளை. நடுவில் சில கருப்புப் புள்ளிகள். கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அவள் என் தோளைத் தட்டி, "பனி, அது பனி" என்றாள். நான் பார்த்த பனியெல்லாம் தை மாதத்தில் ஊட்டிப் புல்வெளியில் விடியற்காலை உப்புப் போலப் படிந்து வெயில் வந்ததும் காணாமல் போவது. வானமும் தரையும் ஆறும் ஒரே வெள்ளையாகக் கிடக்கும் ஊரை என் கைகளுக்குப் பழக்கமில்லை. காகிதத்தில் விழும் வெளிச்சத்தைக் கூட்டினால் மனிதர்கள் கறுத்துக் கரிக்கட்டை ஆனார்கள். குறைத்தால் ஆறே இல்லை. காகிதம் காகிதமாகக் கிழித்துப் போட்டு, கையால் மறைத்து மறைத்து வெளிச்சம் கொடுத்து, கடைசியில் ஒருநாள் ஆறு வந்தது.

ஆண்கள் போடும் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, நீண்ட கைகளை மடித்துவிட்டபடி, வயதான ஒரு அம்மா முன்னால் நடக்கிறார். நெஞ்சோடு அணைத்த பூவேலைத் துண்டுக்குள் ஒரு சாமி படம். பின்னால் வாளிகளோடு பெண்கள். உறைந்த ஆற்றில் சிலுவை வடிவத்தில் வெட்டிய குழியிலிருந்து தண்ணீர் மொண்டுபோய் வருடம் முழுக்க வீட்டில் வைத்திருப்பார்களாம். கோயில் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே தானிய மூட்டைகள். பூசை செய்ய யாரும் இல்லை. அதனால் அந்த அம்மாவே எல்லாம் சொல்லிச் செய்கிறார்.

"இவங்க யாரு?" என்று கேட்டேன்.

"அந்த ஊர் அம்மா" என்றாள். அடுத்த நெகட்டிவை எடுத்து நீட்டினாள்.

இன்னும் நிறைய வந்தன. கல்லறைகளின் மேல் துணி விரித்து ரொட்டியும் சாயம் பூசிய முட்டைகளும் வைத்து, இறந்தவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் குடும்பங்கள். தரையில் புல் பரப்பி, சன்னலில் பச்சைக் கிளைகள் செருகிய வீடுகள். எங்கள் வீட்டில் அம்மாவைப் பெற்ற அப்பிச்சிக்குப் படையல் போடும் நாளும், நிலைவாசலில் வேப்பிலை செருகும் நாளும் நினைவுக்கு வந்தன. ஆனால் அதைவிட என்னை உலுக்கியது வேறு. இந்தப் பெண் இதற்கெல்லாம் நேரில் போயிருக்கிறாள். ரயில் ஏறி, லாரியில் தொற்றி, முழங்கால் பனியில் நடந்து. எதற்காக அழுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. பிரிண்டுகளைக் கிளிப்பில் மாட்டிவிட்டு நான் படிக்கட்டில் ஏறி இறங்குவது அதிகமாயிற்று.

மார்கழி கழிந்து தை வந்தபோது ஒரு படம் போட்டேன். வைக்கோலால் செய்த பெண்ணுருவம் ஒன்றுக்குப் பாவாடை கட்டி, வயலில் நிறுத்தி எரிக்கிறார்கள். குளிர்காலத்தை வழியனுப்புகிற சடங்காம். நான் சிரித்துவிட்டேன்.

"எங்க பக்கமும் எரிப்பாங்க" என்றேன்.

சிலோனிலிருந்து திரும்பி வந்து பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் குடியேறியவர்கள், பாஸ்போர்ட் அளவு படத்துக்காக எங்கள் கடைக்கு வருவதுண்டு. அவர்களில் ஒருவர் சொல்லிக் கேட்டிருந்தேன். மாசி மாதம் கரும்பையும் ஆமணக்கங் கொம்பையும் நட்டு வைக்கோல் பிரி சுற்றுவார்கள். அதுதான் காமன். ஊரிலேயே ஒருவர் மன்மதனாகவும் இன்னொருவர் ரதியாகவும் விரதமிருந்து வேடம் கட்டுவார்கள். பௌர்ணமியன்று சிவன் காமனை எரிக்க, ரதி புலம்புவாள். கடல் தாண்டிப் போனபோதும் கொண்டுபோனார்கள், திரும்பி வந்தபோதும் கொண்டுவந்தார்கள்.

இதைக் கேட்டதும் அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். போகலாம், இப்போதே போகலாம் என்றாள். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் நினைத்த இடத்துக்கெல்லாம் போய்விட முடியாது. கணவரின் அலுவலகத்தில் அனுமதி கேட்டாள். கிடைக்கவில்லை. கண்கள் சிவந்திருக்க வந்து, தன் கழுத்திலிருந்த கனத்த கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள்.

"நீ போ" என்றாள்.

அதுவரை நான் கடைக்கு வெளியே ஒரு படம்கூட எடுத்ததில்லை. அதிர்ஷ்டமோ என்னவோ, காமனை எரிக்கும் நாளில் கூடலூரில் ஒரு கல்யாண ஆர்டர் இருந்தது. ஒரே பஸ்ஸில் கிளம்பினோம். கூடலூர் வந்ததும் என் வீட்டுக்காரர் இறங்க எழுந்தார்.

"பயமா இருந்தா இங்கயே இருந்துக்க புள்ள" என்றார்.

"பஸ்ஸு கெளம்புதுங்க, எறங்குங்க" என்றேன்.

பந்தலூர் வழியிலிருக்கும் தேவாலா தாண்டும்போது கேமராவை மடியோடு இறுக்கிக்கொண்டேன். பயமா, ஆசையா, இன்றுவரை தெரியவில்லை.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு நடுவிலிருந்த மைதானத்தில் கூட்டம் கூடியிருந்தது. தப்பு அடித்தார்கள். ரதி வேடம் கட்டியவர் பகலில் தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்யும் ஆள். கொண்டை, முகப்பூச்சு, பட்டுச்சேலை. மீசை இருந்த இடம் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. அவரை யாரும் ஆணாகப் பார்க்கவில்லை. வழியில் போகும்போது பெண்கள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் ஒரு மேட்டில், பலா மரத்தடியில் நின்றேன். கொழுந்து பறிக்கும் ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"ஏன் தங்கச்சி அங்கிட்டுப் போயி நிக்கிறீங்க? இங்கிட்டு வந்து பாருங்க."

"இல்லைங்கக்கா, இங்கயே தெரியுதுங்க."

"அங்கன நின்னா கூத்துத்தான் தெரியும். சாமி தெரியாது" என்று சொல்லிவிட்டு அவள் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

விடியும் முன் காமனை எரித்தார்கள். வைக்கோல் பற்றிக்கொண்ட வேகத்தில் எல்லோருடைய முகங்களும் திடீரென்று மஞ்சளாக எழுந்தன. ரதி தரையில் விழுந்து புலம்பத் தொடங்கினார். அது நடிப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை. சுற்றியிருந்த பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். கண்டிச் சீமையில் புதைத்துவிட்டு வந்தவர்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் மேட்டிலிருந்தபடியே படம் எடுத்தேன். ரோல் தீர்ந்த பிறகும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன்.

குன்னூர் வந்ததும் குளிக்கக்கூட இல்லை. நேரே இருட்டறைக்குள் போனேன். ஈரம் உலர்ந்தும் உலராத பிரிண்டுகளை அவள் மேசையில் பரப்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பாராட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"தூரத்தில் நின்றிருக்கிறாய்" என்றாள். "விருந்தாளி மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. "முதல் தடவை போய் இவ்வளவு எடுத்திருக்கேன்" என்றேன்.

"ஆமாம். ஆனால் தூரம்" என்று மறுபடியும் சொன்னாள்.

நான் படங்களை வாரியெடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் சொன்னது சரி என்பதுதான் கோபத்துக்குக் காரணம்.

நாங்கள் இப்படி முறைத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் என் வீட்டுக்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார். கடையின் முன்பக்கக் கண்ணாடிப் பெட்டியில் மாதக்கணக்காக ஒரே மணமக்கள் படம் வெளிறிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, நான் பெரிதாகப் போட்டு வைத்திருந்த உறைந்த ஆற்றை மாட்டிவிட்டார். மதியம் வெளியே வந்தால் கண்ணாடி முன்னால் கூட்டம். ஒருவர் காஷ்மீர் என்கிறார். இன்னொருவர் இமயமலை என்கிறார். முன்னால் நடக்கும் அம்மா யாரோ சாமியாரம்மா என்று ஒரு பேச்சு.

"என்னுங்க இது? எடுத்துடுங்க. அவங்க ஊர்ல கழுவவே பயந்த படமுங்க" என்றேன்.

"அது அவங்க ஊரு. இங்க சாமி படம் வெச்சா யாரு கேக்கப்போறாங்க? பாரு, எத்தன பேர் நிக்கறாங்கன்னு. சாயங்காலம் எடுத்துடறேன்."

சாயங்காலம் வரைக்கும் போகவில்லை. ஏலம் முடிந்து திரும்பிய ஜீப் கடையைத் தாண்டிப் போய், நின்று, பின்பக்கமாகவே திரும்பி வந்தது. அந்த அதிகாரி இறங்கினார். உயரமான மனிதர். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு மிக அருகில் போய் நின்றார். அவருடைய மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். நான் இருட்டறைக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். போலீஸைக் கூப்பிடுவார், நெகட்டிவ்களைக் கேட்பார், அவளை ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று என்னென்னவோ ஓடியது.

அவர் நல்ல ஆங்கிலத்தில், தணிந்த குரலில் சொன்னார்.

"அது என்னுடைய கோட்டு."

எங்களுக்குப் புரியவில்லை.

"ராணுவத்திலிருந்து வந்தபோது வீட்டில் விட்டுவிட்டு வந்த கோட்டு. போட்டிருப்பது என் அம்மா."

என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அதிகாரி உட்கார்ந்தார். யார் எடுத்தது என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. வேலை விஷயமாக அவர் வெளியூரில் இருந்த ஒரு குளிர்காலத்தில், அவரிடம் சொல்லாமல் மனைவி மாமியார் ஊருக்குப் போயிருக்கிறாள். அவர் அங்கே போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

"போனால் அம்மா சாமி படத்துக்கு முன்னால் நிற்கச் சொல்வாள்" என்றார். "நின்றால் என் வேலைக்கு ஆபத்து. நிற்காவிட்டால் அவள் அழுவாள். அதனால் போகாமலே இருந்துவிட்டேன்."

நான் டீ வரவழைத்தேன். உலகத் தேயிலையையெல்லாம் நாக்கில் வைத்துத் துப்புகிறவர், கடைவீதி டீயைச் சொட்டு விடாமல் குடித்தார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து படத்தை எடுத்துவிடச் சொன்னார். கேட்டுக்கொண்ட மாதிரிதான் இருந்தது, அதிகாரமாக இல்லை. பிறகு எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"சிறியதாக ஒன்று போட்டுத் தர முடியுமா? சட்டைப் பையில் வைக்கிற அளவு."

உடனே போட்டேன். அவசரத்தில் முதல் காகிதம் வீணாயிற்று. இரண்டாவதில் அந்த அம்மாவின் முகச் சுருக்கம்கூடத் தெளிவாக வந்தது. அவர் ஈரம் உலரும்வரை இருட்டறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தார். அவராலும் உட்கார முடியவில்லை.

மறுநாள் காலை கடை திறந்ததும் அவள் வந்தாள். முகம் சிவந்து, ரஷ்ய மொழியிலேயே எங்களைத் திட்டித் தீர்த்தாள். மிஸ்டர் ஏனுங்க என்கிற சொல் மட்டும் இடையிடையே எங்களுக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். திட்டி முடித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முந்தின நாள் மாலை கணவர் வீட்டுக்குப் போய், எல்லாப் படங்களையும் எடுத்து வரச்சொன்னாராம். கிழித்துப் போடுவார் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். அவர் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, வாளி தூக்கிய பெண்களையும் கல்லறையில் உட்கார்ந்தவர்களையும் விரலால் தொட்டு, இவர் இன்னார், இவர் எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர், இவர் இன்னும் இருக்கிறாரா என்று கேட்டாராம்.

"இத்தனை வருடத்தில் அவர் ஊரைப் பற்றி என்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை" என்றாள்.

சித்திரை பிறக்கும் முன்பே அவர்களுக்கு ஊர் திரும்ப உத்தரவு வந்துவிட்டது. நெகட்டிவ்களை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் பெரிய கேள்வி. அவளுடைய பெட்டியை விமான நிலையத்தில் திறந்து பார்க்கக்கூடும். வழி சொன்னது அவளுடைய கணவர்தான். தேயிலை மாதிரிகள் வைக்கும் தகர டப்பாக்களை யாரும் கொட்டிப் பார்ப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்தோம். நான் நெகட்டிவ்களைத் துண்டு துண்டாக நறுக்கினேன். அவள் வெண்ணெய்த்தாளில் சுற்றினாள். என் வீட்டுக்காரர் டப்பாவின் அடியில் அடுக்கினார். அதிகாரி மேலே தேயிலையைக் கொட்டி, விளிம்புவரை தட்டி நிரப்பி மூடினார். கை கழுவியும் தேயிலை வாசனை போகவில்லை.

கிளம்பும்போது அவள் கேமராவைத் திரும்பக் கேட்கவில்லை. நான் நீட்டியபோதும் வாங்கவில்லை. அந்த டப்பாக்கள் போய்ச் சேர்ந்தனவா, அந்த அம்மாவின் வீட்டுக்கு அவர் போனாரா, போய் நின்றாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வருடக்கணக்கில் அந்தக் கேள்விகள் என்னைத் தூங்கவிடாமல் அடித்தன. அவர்கள் நாடே பிரிந்து, அங்கே கோயில்கள் மறுபடியும் திறந்துவிட்டன என்று செய்தியில் கேட்டபோது மட்டும், அவள் இனி காலுறைக்குள் ரோலை ஒளிக்கவேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் ஊர் திரும்பியதற்கு அடுத்த மாசியில், காமன் நடும் நாளிலேயே பந்தலூர் போய்விட்டேன். முன்பு என்னைக் கூப்பிட்ட அந்தக் கொழுந்து பறிக்கும் அக்கா வீட்டிலேயே தங்கினேன். வைக்கோல் பிரி திரிக்கவும் உட்கார்ந்தேன். அந்தத் தடவை ரதியின் சேலை நுனி என் கையில் படும் தூரத்தில் நின்றேன். கண்ணீரில் போகஸ் தெரியாமல் பாதிப் படங்கள் கெட்டன. மீதியைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் அடுத்த ஆர்டர் சீட்டை என்னிடம் நீட்டினார். அதற்குப் பிறகு வெளியூர் ஆர்டர்களுக்கு நானும் போகத் தொடங்கினேன். இருட்டறைக்கு ஒரு ஆள் வைத்தோம். படகர் ஊர்களின் திருவிழா, தோட்டங்களின் மாரியம்மன் பூசை, கூடலூரை அடுத்த ஸ்ரீமதுரைப் பக்கத்தில் அறுவடை முடிந்த வயல்கள் என்று எங்கெல்லாமோ அலைந்தேன்.

போனால் அமைதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. ஒரு இடத்தில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, இதே நேரம் வேறெங்கோ யாரோ எதையோ தலையில் சுமந்து ஆற்றுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள், அதை நான் பார்க்காமல் இருக்கிறேன் என்று தோன்றும். இப்போது முழங்கால் வலிக்கிறது. டாக்டர் படியேறக் கூடாது என்கிறார். என் வீட்டுக்காரர் என் செருப்பை எங்கேயாவது ஒளித்து வைத்துப் பார்க்கிறார். நேற்று காலையில் தேவாலா பஸ் எத்தனை மணிக்கு என்று யாரிடமோ போனில் விசாரித்துக்கொண்டிருந்தேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னார்.

"குடைய எடுத்துக்க. அங்க மழைன்னு சொன்னாங்க."